பூஜ்யம் போட்ட கட்டங்கள்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது.

உடம்புக்குக் குறை எதுவும் இல்லை, நீயும் அங்கே அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் தினமும் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. மனசு மட்டும் ஐந்து நாளாகக் கொதித்துக்கொண்டு கிடக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் பாதி சொல்வதற்குள் நீ அழுவாய், நீ அழுதால் மீதியை நான் விழுங்கிவிடுவேன், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபம் என்று நினைத்துக்கொள், கை நடுக்கம் இல்லை.

செவ்வாய்க்கிழமை நான் ஒரு அதிகாரிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் சொல்லாமல் வந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் கையில் வராது. தம்பி, உங்கள் மேஜைமேல் இருக்கிற இந்த அட்டவணையை அச்சடித்ததும் அரசாங்கம்தான், மணிக்கு இவ்வளவு கொடுத்தால் போதும் என்று எனக்குக் கூலி நிர்ணயித்ததும் அதே அரசாங்கம்தான், இந்த இரண்டையும் எழுதியவர்கள் ஒரு தடவையாவது நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியிருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. என்னைப் பாராட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. படிவத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. நான் சொன்னது ஒரே வார்த்தை. சரிங்க. சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டு, அவருடைய பேனாவுக்கு மூடியும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அது திவால் அலுவலகம். ஆமாம், உன் அம்மா மஞ்சக்கடுதாசி கொடுத்துவிட்டாள். இங்கே அது மஞ்சளாகக்கூட இல்லை, வெள்ளைத் தாளில் எட்டுப் பக்கம். கொஞ்சம் கடன் இருக்கிறது என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருந்தேன், அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நீ கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். உன் மாமாவுக்கு எப்படியோ தெரிந்து போன் செய்தார். நம் வம்சத்திலேயே மஞ்சக்கடுதாசி கொடுத்த முதல் ஆள் நான்தானாம். நம் வம்சத்திலேயே ஒன்பது வருஷமாக ஒருவரிடமும் கை நீட்டாமல் பிள்ளை வளர்த்த முதல் ஆளும் நான்தான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். அதற்குப் பிறகு அவருக்கு லைன் சரியாகக் கேட்கவில்லை.

அம்மா பணத்தை எதில் விட்டாள் என்று நீ யோசிப்பாய். நானும் யோசித்தேன். கடன்பட்டவனைப் பற்றி நான் எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன், எழுதியவர்கள் அவனைச் சூதாடி ஆக்குவார்கள், இல்லாவிட்டால் குடிகாரன், அதுவும் இல்லையென்றால் தகுதிக்கு மீறி ஆசைப்பட்டவன். பால் வாங்கித் திவாலானவளை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. மாசத்துக்கு முப்பது நாள், என் கூலிக்கு இருபத்து மூன்று நாள், அவ்வளவுதான் கதை. மிச்சம் ஏழு நாளையும் கிரெடிட் கார்டில் வாங்கினேன். முட்டை, பஸ் பாஸ், விளக்குக் கட்டணம், உன் பள்ளிக்கூட ஷூ. உன் அப்பா வேறு வீடு பார்த்துக்கொண்டு நம்மை விட்டுப் போனாரே, அந்த வருஷம் ஆரம்பித்தது, அப்போது நீ ஏழாம் வகுப்பு. நீ பத்தாம் வகுப்பு படித்த வருஷம் குறைந்தபட்சக் கூலியை ஒரே மூச்சில் நன்றாக உயர்த்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா, நமக்கு இரண்டு தலையணை வாங்கினேன். பழைய கார்டு அறிக்கைகளை எல்லாம் இப்போது எடுத்துப் பார்த்தேன். அந்தப் பதினான்கு மாசத்தில் ஒரு தடவைகூட நான் கார்டைத் தொடவில்லை, கடன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவும் இறங்கியிருக்கிறது. அதே மனுஷிதான், அதே கைதான், புத்தி புதிதாக வந்துவிடவில்லை, கூலி மட்டும்தான் வந்தது. பிறகு வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார், சலவைக் காண்டிராக்டர் ஆறு நாள் வேலையை ஐந்து நாளாக்கினார், கூலி ஏறினதை நாளைக் குறைத்துச் சரிக்கட்டிவிட்டார், அதற்கப்புறம் நாலு வருஷமாகச் சட்டமும் அந்தக் கூலியைத் தொடவில்லை. கார்டு மறுபடி வெளியே வந்தது. அந்த இடைவெளியைக் கழித்துவிட்டு எண்ணிப் பார்த்தேன், அறுநூற்று ஐம்பத்தெட்டு நாள் நீயும் நானும் கடனில் சாப்பிட்டிருக்கிறோம். அதன் வட்டிதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

மனு போடுவதற்கு முன்னால் ஒரு வகுப்புக்குப் போகவேண்டும், அது கட்டாயம். பணத்தை எப்படி நிர்வாகம் பண்ணுவது என்று சொல்லித்தருகிற வகுப்பு. பதினொரு பேர் இருந்தோம். பாதிப் பேர் வேலை உடுப்போடு வந்திருந்தார்கள், ஒரு காவலாளி, இரண்டு சமையலறைப் பெண்கள், பஸ் கழுவுகிறவர் ஒருவர். மணிக்கூலி எவ்வளவு என்று எழுதச் சொன்னார் வாத்தியார், பதினொன்றில் ஒன்பது பேர் ஒரே எண்ணை எழுதியிருந்தோம். சட்டம் சொல்கிற அந்த எண். பார்த்து எழுதினீர்களா என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அப்புறம் தாளில் கோடு கிழித்து ஒரு பக்கம் தேவை, ஒரு பக்கம் ஆசை என்று பிரிக்கச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் இருந்த காவலாளி ஆசைப் பக்கத்தில் தூக்கம் என்று எழுதினார், விளையாட்டுக்கு எழுதவில்லை, இரண்டு இடத்தில் வேலை பார்க்கிற மனிதர். வாத்தியார் அதைப் படித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். கடைசியில் விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்று அறிவுரை சொல்லி, கடையில் காபி குடிப்பதை நிறுத்தினால் வருஷத்தில் எவ்வளவு மிச்சம் என்று பலகையில் பெருக்கிக் காட்டினார். நான் கடையில் காபி குடித்து எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா. அதைக்கூடச் சொல்லவில்லை, குனிந்து அவர் பெருக்கினதைத் தாளில் காப்பியடித்தேன்.

இனிமேல்தான் நான் செய்த முட்டாள்தனம். எட்டுப் பக்கத்தில் ஐந்தாம் பக்கம், மாசச் செலவு. வாடகை, சாப்பாடு, பஸ், பல் வைத்தியம், துணிமணி, செருப்பு, வீட்டுச் சாமான் பழுது, முடி வெட்டுவது, பத்திரிகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அதை எழுத உட்கார்ந்ததும் எனக்கு ஒரு ரோஷம் வந்துவிட்டது. ஊதாரி என்று ஒருவரும் என்னை நினைத்துவிடக் கூடாது. பல் வைத்தியத்துக்குப் பூஜ்யம். துணிக்குப் பூஜ்யம். பழுதுக்கும் பூஜ்யம். சாப்பாட்டுக் கட்டத்தில் போன மாசம் எவ்வளவுக்குச் சாப்பிட்டேனோ அதைப் பைசா சுத்தமாக எழுதினேன். நீ மாசாமாசம் அனுப்புகிறாயே, அதையும் மறைக்கக் கூடாது என்று வருமானத்தில் சேர்த்தேன். என் சம்பளத்தை நூறு என்று வைத்துக்கொள். நீ அனுப்புவது பத்து. மொத்தம் நூற்றுப்பத்து. என் செலவு எண்பத்து மூன்று. அந்தத் தம்பி அதைப் படித்தார், உன்னைவிட நாலைந்து வயசுதான் மூத்தவராக இருப்பார், கழுத்தில் அடையாள அட்டை, நல்ல பிள்ளை, பொல்லாதவர் இல்லை. படித்துவிட்டு நிமிர்ந்து, "உங்களை மாதிரி சிக்கனமா இருக்கிறவங்களை நான் பாத்ததே இல்லம்மா" என்றார். எழுதவே கை கூசுகிறது, அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின மாதிரி முதுகு நிமிர்ந்தது. அடுத்த நிமிஷமே அவர் கழித்துப் பார்த்தார். இருபத்தேழு மிச்சம். அதில் இரண்டை என் கைச்செலவுக்கு விட்டுவிட்டு இருபத்தைந்தை மாசாமாசம் கடன்காரர்களுக்குக் கட்டவேண்டும், மூன்று வருஷம் கட்டி முடித்தால்தான் விடுதலை என்று குறித்தார். மிச்சம் இல்லாதவர்களை ஒரே வருஷத்தில் விட்டுவிடுவார்களாம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காட்டினதற்கு இரண்டு வருஷம் கூடுதல்.

அவர் நகல் எடுக்கப் போனபோது மேஜைமேல் ஒரு அட்டவணை கிடந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே படித்தேன். திவாலான ஒருவர் உயிர் வாழ என்னென்ன செலவு நியாயம் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்ட பட்டியல் அது. சாப்பாட்டுக்கு நான் எழுதினது பதினான்கு, அதில் இருபத்தாறு. பல்லுக்கும் கண்ணாடிக்கும் மருந்துக்கும் ஏழு. துணிக்கும் செருப்புக்கும் ஐந்து. முடி வெட்டிக்கொள்ளக்கூட ஒரு தொகை. கூட்டிப் பார்த்தேன், மூன்று தடவை கூட்டினேன். நூற்றுப் பதினெட்டு. புரிகிறதா உனக்கு? திவாலானவள் மனுஷியாக இருக்க நூற்றுப் பதினெட்டு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி முத்திரை குத்தியிருக்கிறார்கள், திவாலாகாமல் வாரத்துக்கு ஐந்து நாள் கொதிக்கிற துணியைத் தூக்குகிறவளுக்கு நூறு போதும் என்று இன்னொரு தாளில். நான் திவாலாகாமல் வேறு என்ன ஆவேன்? அவர் திரும்பி வந்ததும் இது என்னங்க என்று மட்டும் கேட்டேன். அது உச்சவரம்பும்மா, அதுக்கு மேல அனுமதிக்க மாட்டோம், ஆனா நீங்க எழுதினது அதுக்கு ரொம்பக் கீழதானே இருக்கு என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் சரிங்க என்றேன்.

புதன்கிழமை சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளையில் எனக்கு எதிரில் நெட்டை அக்கா. உனக்கு அவளைத் தெரியும், ஒரு தடவை உனக்கு ஸ்வெட்டர் கொடுத்து அனுப்பினவள். ஆஸ்பத்திரி விரிப்பை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து ஒரே நேரத்தில் உருளைக்குள் விடவேண்டும், ஒருத்தி ஒரு விநாடி முந்தினால் போதும், துணி கோணிக்கொண்டு மடிந்து மறுபடி ஈரத்துக்குப் போகும். மூன்று விரிப்பைக் கோணலாக்கினேன். நான் பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் கோணலாக்கினதில்லை என்று அவளுக்குத் தெரியும். என்னடி, புருஷன் திரும்பி வந்துட்டானா என்றாள். சிரிப்பு வரவில்லை எனக்கு. வீட்டு விஷயத்தை நான் வெளியே பேசுகிறவள் இல்லை, ஆனால் அந்த இரைச்சலில் எதிரில் நிற்கிறவளைத் தவிர வேறு ஒருவருக்கும் நாம் பேசுவது கேட்காது, அதனால் அத்தனையையும் சொல்லிவிட்டேன். அவள் உருளையை நிறுத்தினாள். உருளையை அப்படி நிறுத்தக் கூடாது, மேற்பார்வைக்காரர் எட்டிப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் எட்டிப் பார்த்த தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளும் இதே அலுவலகத்தில் உட்கார்ந்தவளாம். இத்தனை வருஷம் எதிரும் புதிருமாக நின்றும் எனக்குத் தெரியாது, அவளுக்கும் வெட்கம்தான். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினாளாம், முடி வெட்டுவது உட்பட, என் தலையைப் பாரு, வெட்டுறதுக்கு இதுல என்ன இருக்கு என்று குனிந்து காட்டினாள். பட்டினி கிடக்கப் போட்டி வைத்தால் நீ மெடலோடு வருவாய் என்றாள். வாத்தியார் சொன்ன விரல் வீக்கக் கதையைச் சொன்னேன், விரலை வெட்டி எடுத்துக்கிட்டு வீக்கத்தைப் பத்தி வகுப்பு எடுக்கிறானா என்று கேட்டாள்.

நான் எழுதினது உண்மைதானே அக்கா, போன மாசம் அவ்வளவுக்குத்தான் சாப்பிட்டேன், அதை எப்படிப் பிழை என்று சொல்வது என்று கேட்டேன். அவள் உருளையை மறுபடி ஓட விட்டாள். பிறகு, "அது உன் செலவு இல்லடி. கடன்காரன் பிடுங்கினது போக உனக்கு விட்டுவச்ச மிச்சம்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் படிவத்தை எடுத்துப் புரட்டினேன். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில், பிழை இருந்தால் பத்து நாளுக்குள் திருத்தலாம் என்று போட்டிருக்கிறது. நாளைக்கு லீவு போட முடியாது, மதியம் ஷிப்டுக்கு முன்னால் போகப்போகிறேன். புதிய ஐந்தாம் பக்கத்தை இப்போது நிரப்பி முடித்தேன். பல்லுக்கு எழுதும்போது நாக்கு தானாக அந்தப் பின் பல்லைத் தொட்டது, எட்டு மாசமாக வலது பக்கம் மென்று சாப்பிடுவதில்லை. செருப்புக்கு எழுதினேன். நியாயமாக எனக்கு என்ன வேண்டுமோ அதைத்தான் எழுதினேன், ஒரு காசு பொய் இல்லை, ஆனாலும் திருடுகிற மாதிரி இருந்தது, அந்த உணர்ச்சியை எனக்குள் யார் வைத்தார்கள் என்று நினைக்க நினைக்கத்தான் கோபம் தலைக்கு ஏறுகிறது.

இப்போது உன் முறை. உன்மேலும் கோபம்தான், கேள். போன கடிதத்தில் நாலு பக்கம் எழுதிவிட்டு ஓரத்தில் பொடியாக, மாசக் கடைசிக்கு உதவும் என்று ஒரு கார்டு வாங்கியிருக்கிறேன் அம்மா, கவலைப்படாதே என்று எழுதியிருக்கிறாய். அந்த ஓரத்தை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா. முதியோர் இல்லத்தில் நீ வாங்குவதும் சட்டம் சொல்கிற அதே கூலி. உனக்கும் இருபத்து மூன்று நாளோ இருபத்து நாலு நாளோதான் வரும். அதிலிருந்து எனக்குப் பத்து அனுப்பிவிட்டு, மாசக் கடைசியில் கார்டில் ரொட்டி வாங்குகிறாய், இல்லையா? செவ்வாய்க்கிழமை போட்ட கையெழுத்து அப்படியே நின்றால் நீ அனுப்புவதும் அந்த இருபத்தைந்துக்குள்தான் போகும். யாரோ ஒரு பெரியவரைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, படுக்க வைத்து நீ சம்பாதிக்கிறது, நீ ஏழாம் வகுப்பில் குடித்த பாலுக்கு வட்டியாகப் போகும். இதற்காகவா உன்னைப் பெற்றேன்? அடுத்த மாசத்திலிருந்து ஒரு காசு அனுப்பக் கூடாது. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், தபால் செலவு வீண். எனக்கு இருபது வயசில் ஒருவரும் சொல்லவில்லை, உனக்கு நான் சொல்கிறேன், மாசத்தில் ஏழு நாளுக்குக் கூலி போதவில்லை என்றால் அது உன் குற்றம் இல்லை, அதை மறைக்க ஆரம்பிப்பதுதான் ஆபத்து. போதவில்லை என்றால் எனக்கு எழுது, அங்கே கூட வேலை செய்கிறவர்களிடம் வாய் திறந்து சொல், உன் எதிரில் நிற்கிறவளுக்கும் போதாமல்தான் இருக்கும். நான் ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு அதற்குக் கௌரவம் என்று பெயர் வைத்திருந்தேன்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். உன் சித்தி பையனுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. மாடிப்படி விளக்கை வீட்டுக்காரர் இன்னும் மாற்றவில்லை, தடவித் தடவித்தான் ஏறுகிறேன். குனிந்து தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு, இடுப்பை நம்பாதே, எனக்கு வந்த வலி உனக்கு வேண்டாம். நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, இது இரண்டும் ஆசைப் பக்கத்தில் சேராது. நீ நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கும் தலை குனியாமல், வயிறு நிறைய வாழவேண்டும். மறக்காமல் அந்தக் கார்டை நாலாக வெட்டி, ஒரு துண்டை உறையில் வைத்து எனக்கு அனுப்பு, பார்த்தால்தான் நம்புவேன்.

கோபம் தீராத, அன்பு குறையாத,
உன் அம்மா.

திங்கள் மாலை சேர்த்து எழுதுவது. தபால்பெட்டிக்குப் போகாமல் இதைப் பையில் வைத்துக்கொண்டே அலுவலகம் போனேன். அதே தம்பி. புதிய பக்கத்தை வாங்கி ஒவ்வொரு கட்டமாக அட்டவணையோடு ஒப்பிட்டார், எல்லாம் வரம்புக்குள்தான் இருந்தது. போன தடவை ஏம்மா இதெல்லாம் எழுதல என்று கேட்டார். வெட்கமாக இருந்தது என்றேன், உள்ளதைச் சொன்னேன். அவர் தலையசைத்து, கழித்துப் பார்த்து, இப்போது மிச்சம் எதுவும் விழவில்லை என்று மாசத் தவணைக் கட்டத்தில் இருந்த இருபத்தைந்தைக் கோடு போட்டு அடித்தார். நான் எழுந்திருக்கவில்லை. "இந்தப் பட்டியல்ல இருக்கிற மாதிரி வாழணும்னா மணிக்கு எவ்வளவு கூலி வேணும் தம்பி?" என்று கேட்டேன். முதலில் அது எங்க இலாகா இல்லம்மா என்றார். நான் பட்டியலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். கால்குலேட்டரை இழுத்துத் தட்டினார், வந்த எண்ணை என் பக்கம் திருப்பிக் காட்டினார், பிறகு தன் பக்கம் திருப்பி அவரும் பார்த்தார். என் சம்பளமும் இதுக்குக் கிட்ட வரலம்மா என்று மெல்லச் சொல்லிவிட்டு அதை அழித்தார்.

திருத்தம் ஏற்கப்பட்டது என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். மாசத் தவணை கிடையாது, வருகிற வருஷம் இதே மாசம் எனக்கு விடுவிப்பு. அங்கிருந்து பஸ் பிடித்து ஷிப்டுக்கு ஏழு நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன், கால் மணி நேரக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.